பகல் பதினொரு மணி அமைதியை நம்பி கிராமத்தில் வீடு வாங்கலாமா?

கேள்வி: ஜனவரி 11

இருபது ஆண்டு நகர வாழ்க்கை போதும் என்று நானும் மனைவியும் முடிவு செய்துவிட்டோம். ஒரு சிறு கிராமத்தின் ஓரத்தில் பழைய ஓட்டு வீடு, பின்னால் கிணறு, சுற்றிலும் வயல். போன ஞாயிறு பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தோம். அரை மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். குருவிச் சத்தம் தவிர ஒன்றுமே இல்லை. அந்த அமைதிக்காகவே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. வேறு இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இந்த வாரமே முன்பணம் கொடுத்துவிடுங்கள் என்கிறார் தரகர். கொடுக்கலாமா?

ஜனவரி 11, இரவு 9.40

கொடுக்காதீர்கள். இந்த வாரம் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன், வாங்கவே வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு பகல் பொழுதில்தான் என் வீட்டைப் பார்த்தேன். நீங்கள் எழுதிய அதே குருவிச் சத்தம்தான். குடிவந்த முதல் இரவு பத்தரை மணிக்கு வேறொரு சத்தம் ஆரம்பித்தது. யாரோ தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல, விட்டு விட்டு, விடியும்வரை. மறுநாள் விசாரித்தால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கல் உடைக்கும் ஆலை. பகலிலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் பார்க்கப் போன நாளில் காற்று எதிர்ப்பக்கம் அடித்திருக்க வேண்டும், அதனால் கேட்கவில்லை.

இரவு பத்து மணிக்குப் போய் அந்த வாசற்படியில் உட்காருங்கள். அதிகாலை நான்கு மணிக்கு ஒரு முறை. வேலை நாள் ஒன்றில் ஒரு முறை. தரகர் இல்லாமல் போங்கள்.

ஜனவரி 12, காலை

நேற்று காற்றின் மேல் பழி போட்டது பாதிதான் சரி. இரவெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன், திருத்திவிடுகிறேன்.

பகலில் வெயிலால் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடு, மேலே போகப் போகக் குளிர்ச்சி. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்த காற்றில் மெதுவாக. அதனால் ஒலி அலை குளிர்ந்த பக்கமாக வளையும். பகலில் அது மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அடுக்கு தலைகீழாகிறது. மேலே போக வேண்டிய ஒலி கீழே வளைந்து நம் படுக்கையறைக்கு வந்து சேர்கிறது. இலை அசையாத இரவுதான் தூரத்துச் சத்தத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற இரவு. அப்படிப்பட்ட இரவாகப் பார்த்துத்தான் நீங்கள் போக வேண்டும்.

இன்னொன்று. படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது தூக்கத்துக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டியது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகப் படும். நகரத்தில் எந்நேரமும் ஒரு இரைச்சல் போர்வைபோல மூடியிருக்கிறது. அதற்குள் ஒரு மோட்டார் ஓடினால் தெரியாது. கிராமத்தில் அந்தப் போர்வை கிடையாது. நாலு வயல் தள்ளி ஒருவர் இருமினால் அது இருமல் என்று தெரியும். அமைதியான இடத்தில் சத்தங்கள் குறைவு, ஆனால் இருக்கிற ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து காதில் விழும்.

ஜனவரி 12, மாலை

தொலைபேசி அலைவரிசையை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பழைய கனமான சுவருக்குள் போய், கதவை மூடிக்கொண்டு, நீங்கள் வேலை செய்யப்போகும் மூலையில் உட்கார்ந்து ஒருவரோடு பத்து நிமிடம் பேசிப் பாருங்கள்.

ஜனவரி 15

கிணறு இருக்கிறது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கவலை.

முதலில் அளவு. காலையில் யாரும் தண்ணீர் எடுப்பதற்கு முன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று முடிச்சுப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டாரை இரண்டு மணி நேரம் விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். மீண்டும் கயிற்றை இறக்குங்கள். மறுநாள் காலை மூன்றாவது முறை. முதல் முடிச்சுக்கு ஏறி வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. இதை மழை முடிந்த கையோடு செய்தால் பயனில்லை, வறண்ட மாதத்தில் செய்ய வேண்டும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடுத்தது தரம். கண்ணாடி டம்ளரில் தெளிவாகத் தெரிகிறது, குடித்தால் இனிக்கிறது என்பதெல்லாம் ஒரு சோதனையே அல்ல. ஆய்வகத்தில் மூன்றையாவது பார்க்கச் சொல்லுங்கள்: எஸ்செரிச்சியா கோலை என்ற குடல் நுண்ணுயிர், நைட்ரேட், ஃப்ளோரைடு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுப்படி முதலாவது 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை, ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராம் வரை. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

எதுவும் சரியில்லை என்று வந்தாலும் பயப்பட வேண்டாம், கொதிக்கவைத்துக் குடித்தால் போதும்.

ஜனவரி 16, அதிகாலை

மேலே கடைசி வரியை எழுதியது தவறு. அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

கொதிக்கவைத்தால் நுண்ணுயிர் சாகும். நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், நைட்ரேட் அப்படியே தங்கும். அதாவது முன்பைவிடச் செறிவாகிவிடும். ஃப்ளோரைடும் அப்படியே. இவற்றுக்கு ஆர்.ஓ. போன்ற வேறு வழி வேண்டும்.

இது கைக்குழந்தை இருக்கிற வீட்டில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1945-இல் அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த கோம்லி என்ற மருத்துவர், பண்ணை வீட்டுக் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகள் நீலம் பாரித்துப்போனதைப் பார்த்து, காரணம் அந்த நீரிலிருந்த நைட்ரேட் என்று எழுதினார். நைட்ரேட் உடலுக்குள் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்ல முடியாதபடி செய்துவிடுகிறது. வயலில் போடும் உரமும் மாட்டுச் சாணமும் கழிவறைக் குழியும் ஊறி இறங்கும் இடங்களில் இது வரும். சுற்றிலும் வயல் என்று மகிழ்ச்சியாக எழுதியிருந்தீர்களே, அதனால்தான் தூக்கம் கெட்டு எழுந்து எழுதுகிறேன்.

கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே எத்தனை அடி என்று நடந்து அளந்து பாருங்கள். பொதுவாக 30 மீட்டர் இருக்க வேண்டும் என்பார்கள். மண்ணும் பாறை வெடிப்பும் பொறுத்து அதுவும் போதாமல் போகலாம். 1854-இல் லண்டன் பிராட் வீதியில் காலரா பரவியபோது, அங்கே கிணற்று நீரை இறைத்துத் தந்த அடிகுழாய்க்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்டினார். பிறகு தோண்டிப் பார்த்தபோது கிணற்றிலிருந்து மூன்று அடிகூட இல்லாத தொலைவில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது. அந்தக் குழாய்த் தண்ணீரைச் சுவையாக இருக்கிறதென்று விரும்பிக் குடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஜனவரி 20

சுவரில் ஓதம் ஏறியிருந்தால் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கதையைச் சொல்கிறேன், முடிவை நீங்கள் எடுங்கள்.

என் வீட்டுப் பின்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஓதம் இருந்தது. கையை வைத்தால் சில்லென்று இருக்கும், உள்ளங்கையில் வெள்ளையாகப் பொடி ஒட்டும். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டு இடுப்பளவுக்கு நல்ல கெட்டியான சிமெண்ட் பூசினார். வழவழப்பாக, அழகாக இருந்தது. ஒரு வருடத்தில் ஓதம் சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது. அடுத்த மழையில் நெஞ்சளவு.

ஏன் என்பது பிறகுதான் விளங்கியது. மண்ணிலிருந்து செங்கல்லின் நுண்துளைகள் வழியாக ஈரம் ஏறிக்கொண்டே இருக்கிறது. சுண்ணாம்பு அதை வெளியே ஆவியாக விடுகிறது, சிமெண்ட் விடுவதில்லை. கீழே வழி அடைபட்டால் ஈரம் மேலே போய் வழி தேடும். போகிற இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பு படிகமாகி விரியும்போதுதான் பூச்சு பொரிந்து உதிர்கிறது.

உண்மையான கோளாறு சுவரிலேயே இல்லை. பின்பக்கம் பல ஆண்டுகளாகக் குப்பையும் மண்ணும் சேர்ந்து, வெளித்தரை வீட்டுக்குள்ளிருக்கும் தரையைவிட ஒரு சாண் உயரமாகிவிட்டிருந்தது. கூரையிலிருந்து இறங்கும் மழைநீர் அங்கேயே நின்று ஊறியிருக்கிறது. மண்ணை வெட்டியெடுத்து, நீர் ஓட ஒரு வாய்க்கால் போட்டு, சிமெண்டை உடைத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பு பூசினேன். ஈரம் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துத் தேதி எழுதினேன். சில மாதங்களுக்கு ஒரு கோடு. இப்போது அந்தச் சுவரில் ஏழு கோடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கீழே.

ஆக, ஓதத்துக்குப் பயந்து ஓடாதீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வாங்காதீர்கள். புதிதாகச் சிமெண்ட் பூசி வண்ணம் அடித்த சுவரைக் கண்டால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

கூரையைப் பார்க்க ஏணி வேண்டும். கைமரங்கள் சுவரில் உட்காரும் இடத்தில் ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும். உள்ளே கறையானோ உளுத்துப்போனதோ இருந்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும்.

ஜனவரி 27

கழிவுநீர்த் தொட்டியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை லாரி வந்து உறிஞ்சியெடுக்க வேண்டும். லாரி உங்கள் சந்துக்குள் நுழையுமா? வளைவில் திரும்புமா? அதே கேள்வி ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும். இரவில் ஒரு முறை வீட்டிலிருந்து அருகிலுள்ள மருத்துவமனைவரை ஓட்டிப் பார்த்து எத்தனை நிமிடம் என்று எழுதிவையுங்கள். உங்கள் மனைவியையும் ஒரு முறை தனியாக ஓட்டச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3

பாதையைப் பற்றி எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தேன். அதில் தவறு என் பக்கம்.

சட்டப்படி கவனிக்க வேண்டியது எளிது. சாலையிலிருந்து வாசல்வரை போகும் பாதை யார் நிலத்தில் போகிறது? அடுத்தவர் நிலத்தில் போனால் அந்த உரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, அல்லது இத்தனை நாள் விட்டார்கள் என்ற பழக்கம்தானா? நடக்க மட்டுமா, வண்டி போகவுமா? வரைபடத்தோடு ஒரு சர்வேயரை அழைத்துப் போய் எல்லைக் கற்களைக் கண்ணால் பாருங்கள். வில்லங்கம் ஏதும் உண்டா என்று உங்கள் செலவில், உங்களுக்காக வேலை செய்யும் வழக்கறிஞரை வைத்துப் பாருங்கள். விற்பவர் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.

ஆனால் உங்கள் நிலத்தின் வழியாக யார் போகிறார்கள் என்பதையும் பாருங்கள். என் தோட்டத்தின் ஒரு மூலையில் ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. பக்கத்து நிலத்துப் பெரியவர் காலையும் மாலையும் அதன் வழியாகத்தான் தன் மாடுகளுக்குப் போவார். சுற்றிப் போனால் அரை மணி நேரம். பத்திரத்தில் அந்தப் பாதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சர்வேயரும் அது உங்கள் இடம்தான் என்றார். குடிவந்த இரண்டாம் மாதம் அங்கே ஒரு இரும்புக் கதவு போட்டுப் பூட்டினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் காலை கதவுக்கு முன்னால் வந்து நின்றார், பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார், மெதுவாகக் கீழே விட்டார், திரும்பிச் சுற்றுப் பாதையில் போனார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து யாரும் என்னோடு பேசவில்லை. மின்கம்பி அறுந்த இரவில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஒரு மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் இல்லையென்றால் மோட்டாரும் இல்லை, மோட்டார் இல்லையென்றால் குடிக்கத் தண்ணீர் இல்லை.

நான்கு மாதம் கழித்துப் பூட்டைத் திறந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “பாதைக்கு என்ன தம்பி, நடக்க நடக்கத்தான் அது பாதை” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நீங்கள் விலை கொடுத்து வாங்க நினைக்கும் அமைதி அந்த வீட்டின் பத்திரத்தில் வராது. அது சுற்றியுள்ள ஐந்தாறு பேர் கையில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் தன் நிலத்தில் கோழிப்பண்ணை போடலாம், ஒருவர் மனைபிரித்து விற்கலாம், ஒருவர் நள்ளிரவில் மோட்டாரைப் போடலாம். எதுவும் அவர்கள் உரிமைக்கு உட்பட்டதாகவே இருக்கலாம். வீட்டுக்காரரைவிட அவர்களோடு அதிக நேரம் பேசுங்கள்.

பிப்ரவரி 4

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், இவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

மின்கம்பி அறுந்த அந்த இரவுதான் நான் முதன்முதலாக வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் மேகம் கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். கண் பழகப் பழக, அது மேகம் இல்லை, பால்வெளி என்று தெரிந்தது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. விளக்கு வெளிச்சம் உள்ள எந்த ஊரிலும் இனிப் பார்க்கப்போவதில்லை.

அதனால்தான் இருக்கிறேன். உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 19

இரவில் போய் இருந்துவிட்டு வந்ததற்கு நன்றி. அந்த வேறு இருவரும் வாங்கவில்லை, வீடு இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரவு இரண்டு மணிக்கு மோட்டார் ஓடியது என்கிறீர்கள். அது பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டார் என்றால் ஆண்டு முழுவதும் ஓடாது. எந்தெந்த மாதம் என்று அந்த நிலத்துக்காரரிடமே கேளுங்கள். மருந்தடிக்கும் நாட்களையும் கேளுங்கள், ஜன்னலை எப்போது மூட வேண்டும் என்று தெரியும். மாலையில் விளக்கு மங்கியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மின்பாதையின் கடைசி வீடு என்றால் அப்படித்தான் இருக்கும். தாழ்ந்த மின்னழுத்தத்தில் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகிக் கருகும். என்னுடையது ஒன்று அப்படிப் போயிற்று. அழுத்தம் குறைந்தால் தானாக நிறுத்தும் கருவி ஒன்றைப் பொருத்துங்கள்.

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போதுதான் சொல்கிறேன். அந்த வீட்டையே, இல்லையென்றால் அதே ஊரில் வேறொரு வீட்டையாவது, ஒரு வருடம் வாடகைக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு முழு மழை, ஒரு முழுக் கோடை, ஒரு விதைப்பு, ஒரு அறுவடை. அதற்குப் பிறகு யாரும் உங்களுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

மார்ச் 8

வாடகை வீண் செலவு என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். மதிப்புக் கொடுத்து மறுக்கிறேன். ஒதுக்குப்புறமான கிராமத்து வீட்டை வாங்குவது ஒரு நாள் வேலை. விற்பது ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம், ஏனென்றால் கேட்டு வருபவர்கள் குறைவு. தவறிப்போனால் பணம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் வீட்டின் விலையைவிட அதைத் திரும்பக் கட்டும் செலவு அதிகமாக இருக்கலாம். காப்பீடு எடுக்கும்போது வாங்கிய விலையை எழுதாதீர்கள். இடிந்தால் மீண்டும் எழுப்ப என்ன ஆகுமோ அதைக் கேட்டு எழுதுங்கள்.

ஜூன் 14

வாடகைக்கு எடுத்துக் குடிபோய்விட்டீர்கள் என்று படித்தேன். தண்ணீர்ச் சோதனையில் நைட்ரேட் 62 என்று வந்திருப்பதைக் கண்டு விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். விட வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணீர் வையுங்கள், குளிக்கத் துவைக்க இதுவே போதும். ஒருவேளை பேரக்குழந்தை வந்து தங்கினால் பால் கரைக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொட்டும் தொடாதீர்கள். மழை முடிந்ததும் மீண்டும் ஒரு முறை சோதித்து எண்ணை எழுதுங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

கதவு என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: பூட்டைத் திறந்த பிறகும் அது அங்கேயே நின்றது, ஒவ்வொரு முறையும் கிறீச்சிட்டது. போன வாரம் கீலோடு கழற்றிவிட்டேன். பெரியவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, மாடுகளுக்கு அவர் பேத்திதான் போய்வருகிறாள். இன்று விடியற்காலை அவள் மூலையைக் கடந்து போன காலடிச் சத்தம் படுக்கையில் இருந்தே கேட்டது. கல் உடைக்கும் ஆலையும் ஓடிக்கொண்டிருந்தது.